இரண்டு நூறுகள்

எங்கள் தெருச் சாக்கடையில் தண்ணீர் ஓடவில்லை, நிற்கிறது என்பது எனக்கு உறைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. 2024 நவம்பர் கடைசி வாரம். பின்னால் ஃபெஞ்சல் புயலாக மாறிய அந்தத் தாழ்வு மண்டலம் கடலில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. டெல்டா முழுக்க விடாத மழை. இரண்டாம் நாள் காலையில் கதவைத் திறந்தால், வாசலில் சிலாப் இடுக்கு வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்கிறது. மழைத்தண்ணீர் இறங்குவதற்காக விட்ட ஓட்டை அது. எதிர்வீட்டுப் பெரியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திண்ணையில் நின்றபடி சொன்னார்: "முன்னல்லாம் ரோட்டோட ஓடிப் போயிரும். இப்ப காசு போட்டுக் கட்டி, வீட்டுக்குள்ள வருது."

அன்றைக்கு அதைக் கோபத்தில் சொன்ன வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன். மழை விட்ட பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் இந்தச் சாக்கடைக்காக மனு எழுதியவர்களில் நானும் ஒருத்தி. பேரூராட்சி அலுவலகத்துக்கு இரண்டு கட்டிடம் தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாக ஊரின் மனுக்களெல்லாம் என் விசைப்பலகை வழியாகத்தான் போகின்றன: குடிநீர் இணைப்பு, பட்டா மாறுதல், தெருவிளக்கு, முதியோர் உதவித்தொகை. எங்கள் தெருவுக்கு வடிகால் கேட்டு நான்கு மனு டைப் செய்தேன். கட்டி முடித்தபோது நன்றிக் கடிதமும் நானே டைப் செய்து, தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். சிமெண்ட் காயாத அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது. அவ்வளவு சந்தோஷம். அந்தச் சுவருக்குள்தான் இந்தத் தண்ணீர் நிற்கிறது.

"இது சாக்கடை இல்லம்மா, தொட்டி"

தைப்பொங்கல் முடிந்து வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு மாடிப்படி வேலைக்கு வந்திருந்த கொத்தனார் அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, இந்தச் சாக்கடைக்கு வாட்டம் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" வாட்டம் என்கிற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பொறியாளர்கள் ஸ்லோப் என்பதைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். மொட்டைமாடித் தளம் போடும்போது, குளியலறை தரை பூசும்போது, "வாட்டம் பார்த்துப் பூசு" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை காதில் விழும். தண்ணீருக்கு வழி சொல்வது வாட்டம்தான். சுவர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வாட்டம் தப்பினால் அது வழி இல்லை.

அவர் பையிலிருந்து ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை எடுத்தார். பெருவிரல் தடிமன், சுமார் பன்னிரண்டு மீட்டர் நீளம். வாளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி நிரப்பி, உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாதபடி நீளவாக்கில் தட்டித் தட்டி வெளியேற்றினார். ஒரு முனையைக் கோவில் பக்கத்துச் சுவரில் நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை அவர் இழுத்துக்கொண்டு போனார். டியூபில் தண்ணீர் கொஞ்சம் ஆடி, ஆடி, நின்றது. இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சில் கோடு. இந்தக் கோடும் அந்தக் கோடும் ஒரே மட்டம். அதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் தண்ணீரே போட்டுக் கொடுத்த கோடு. அப்படிப் பத்துப் பத்து மீட்டராக 240 மீட்டர் தெருவையும் கடந்தோம். சின்னப் பையன்கள் கூடவே வந்தார்கள். ஐந்து இடத்தில் சிலாப்பைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, சேற்றை ஒதுக்கிவிட்டு, கோட்டிலிருந்து சாக்கடையின் அடித்தளம் வரை டேப் வைத்து அளந்தோம். ரேஷன் கார்டு உறை ஒன்றின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

தெருவின் தலைப்பில் 100 சென்டிமீட்டர். நடுவில் 130. சரி, முப்பது சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, நல்லது. அதைத் தாண்டி மூன்று மீட்டர் போனால் 105. நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று இரண்டு தடவை அளந்தோம். 105தான். நடுத்தெருவில் சாக்கடையின் அடித்தளம் இருபத்தைந்து சென்டிமீட்டர் மேலே ஏறுகிறது. அங்கிருந்து மறுபடி இறங்கி, மெயின் ரோட்டுச் சிறுபாலத்தில் 135. கொத்தனார் அண்ணன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் சொன்னார்: "இது சாக்கடை இல்லம்மா, தொட்டி. தெருவுல பாதிக்குத் தொட்டி கட்டி வச்சிருக்காங்க."

என் அப்பா மூன்று மா நிலத்தில் விவசாயம் பார்த்தவர். நடவுக்கு முன்னால் பரம்படித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் ஒரு மூலையில் ஒரு விரற்கடை கூடுதலாக நின்றால்கூடக் கண்டுபிடித்துவிடுவார், இறங்கிப் போய்க் காலாலேயே சேற்றைத் தள்ளிச் சரிசெய்வார். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். ஒரு விரற்கடை மட்டத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்ன ஊரில், பதினைந்து விரற்கடை மேலே ஏறுகிற சாக்கடையை ஒன்றரை வருடம் யாருமே பார்க்காமல் இருந்திருக்கிறோம். வயல் நம்முடையது, சாக்கடை கவர்மெண்டுடையது. அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தாள்கள்

யார் செய்த தவறு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வேகம் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் வில்லை ஒட்டி எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் பெயரில் போடுவது அதுதான் முதல் தடவை. எஸ்டிமேட், வரைபடம், அளவுப் புத்தகத்தின் நகல் மூன்றும் கேட்டேன். உள்ளே ஏதோ பெரிய ஊழல் இருக்கும், சிமெண்ட் குறைத்திருப்பார்கள், கம்பியை விழுங்கியிருப்பார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்துவிட்டது.

வேலை இரண்டு தடவையாக நடந்திருக்கிறது. கோவிலிலிருந்து நடுத்தெரு வரை 120 மீட்டர், 2020இல் ஒரு நிதியில். நடுத்தெருவிலிருந்து சிறுபாலம் வரை 120 மீட்டர், 2023இல் வேறொரு நிதியில். இரண்டு எஸ்டிமேட், இரண்டு டெண்டர், இரண்டு ஒப்பந்ததாரர், இரண்டு பொறியாளர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் நீளவாக்கு மட்டப்படம் இருந்தது. கடையை மூடிவிட்டு, இரண்டு தாளையும் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடி மேலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தாளில் சாக்கடையின் அடிமட்டம் 99.000இல் தொடங்கி 98.700இல் முடிகிறது. நானூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம். இரண்டாவது தாள் 98.700இல் தொடங்கி 98.400இல் முடிகிறது. அதே வாட்டம். ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. காகிதத்தில் தண்ணீர் அழகாக ஓடுகிறது. எந்தத் தவறும் இல்லை.

கண்ணாடிக்கு அடியிலிருந்து விளக்கு வெளிச்சம் வந்ததால் பென்சிலில் எழுதி அழித்த எழுத்துகூடத் தெரிந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த குறிப்பைப் பார்த்தேன். முதல் தாளில்: தற்காலிக மட்டக்குறி 100.000, பிள்ளையார் கோவில் முதல் படி. இரண்டாவது தாளில்: தற்காலிக மட்டக்குறி 100.000, சிறுபாலக் கைப்பிடிச் சுவர். ஏதாவது ஓர் இடத்தை நூறு என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து மற்ற எல்லாவற்றையும் அளப்பது இந்த வேலையில் வழக்கம். முதலாமவர் கோவில் படியை நூறு என்று வைத்துக்கொண்டார். மூன்று வருடம் கழித்து வந்தவர் சிறுபாலத்துச் சுவரை நூறு என்று வைத்துக்கொண்டார். பழைய தாளிலிருந்த 98.700ஐ அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தச் சுவரும் கோவில் படியும் ஒரே உயரமா என்று யாரும் பார்க்கவில்லை. சுவர், கோவில் படியைவிட இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரம்.

ரேஷன் கார்டு உறையை எடுத்து மறுபடி பார்த்தேன். 130, 105. அதே இருபத்தைந்து.

திருட்டு இல்லை. சிமெண்ட் குறையவில்லை. அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், உயரம், கான்கிரீட் கன அளவு எல்லாம் சரி. இரண்டு பேரும் அவரவர் நூறுக்கு நேர்மையாக வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு திருடன் கிடைத்திருந்தால் அவனைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். தெரு ஒன்று, அதற்கு நூறு இரண்டு என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

துண்டு துண்டாக வருகிற பணம்

அந்த இரண்டு நூறும் எங்கிருந்து வந்தன என்று யோசிக்க யோசிக்க, அவை வரைபடத்தில் பிறக்கவில்லை, பணம் வருகிற விதத்தில் பிறந்தன என்றுதான் எனக்குப் படுகிறது. 2020இல் எங்கள் ஊரில் கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்கூடக் கிடையாது. 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. அந்தக் காலத்தில் வந்த நிதிக்கு 120 மீட்டர்தான் கட்ட முடிந்தது. மீதிக்கு இன்னொரு திட்டம் வரவேண்டியிருந்தது. நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அம்ருத், சட்டமன்ற உறுப்பினர் நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி என்று ஒரு பேரூராட்சிக்குப் பணம் வருகிற வாய்க்கால்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. 2021 முதல் 2026 வரை 15வது நிதிக்குழு எங்களைப் போன்ற ஊர்களுக்குக் கொடுத்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டிய பணம், 40 சதவீதம்தான் கட்டுப்பாடு இல்லாதது. எது எப்போது வரும் என்று ஊருக்குத் தெரியாது. வந்தால் மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டும். கையில் வந்த பணத்தின் நீளத்துக்குச் சாக்கடையை வெட்டுகிறோம். தண்ணீர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அந்த நீளத்துக்கு வெட்டுவதில்லை.

இதில் எங்கள் பொறியாளர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு தாளையும் மேசைமேல் வைத்தபோது உடனே புரிந்துகொண்டார், மறைக்கவில்லை. அவர் கையில் எங்கள் ஊரோடு சேர்த்து நான்கு பேரூராட்சிகள். "எஸ்டிமேட் போட எனக்கு ஒரு வாரம் குடுப்பாங்கம்மா. ஊர் முழுக்க லெவல் எடுக்கணும்னா ரெண்டு மாசம் வேணும். அதுக்கு எந்தத் திட்டத்துலயும் ஐட்டம் கிடையாது" என்றார். யோசித்துப் பாருங்கள்: கான்கிரீட்டுக்கு ஐட்டம் இருக்கிறது. கம்பிக்கு, மண் வெட்டுவதற்கு, சிலாப்புக்கு, பெயர்ப்பலகைக்குக்கூட இருக்கிறது. தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு இல்லை. பில் போடுவது கன மீட்டருக்கு. அளவுப் புத்தகத்தில் ஒரு குடம் தண்ணீருக்கு இடம் கிடையாது.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த நானூறுக்கு ஒன்று என்கிற வாட்டமே எங்கள் ஊருக்குப் பொருந்தாது. தெருத் தலைப்புக்கும் சிறுபாலத்தின் அடிக்கும் நடுவில் உண்மையில் இருக்கிற இறக்கம் மொத்தம் முப்பத்தைந்து சென்டிமீட்டர்தான். இறக்கம் அதிகம் கிடைக்காத படுகை மண் இது. 240 மீட்டருக்கு முப்பத்தைந்து என்றால் கிட்டத்தட்ட எழுநூறுக்கு ஒன்று. அவ்வளவு மெல்லிய வாட்டத்தில் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டுமானால் அடித்தளம் தட்டையாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு கை அகலத்துக்குக் குறுகலான ஓடை விட வேண்டும். மழை இல்லாத நாளில் வருகிற கொஞ்சம் தண்ணீர் பரந்து நிற்காமல் அந்த ஓடையில் சேர்ந்து வேகமாக ஓடும், மண்ணையும் தள்ளிக்கொண்டு போகும். நொடிக்கு 60 சென்டிமீட்டர் வேகமாவது இருந்தால்தான் சாக்கடை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்றார். இருக்கிற முப்பத்தைந்து சென்டிமீட்டரை ஒரு துளிகூட வீணாக்காமல் செலவழிக்க வேண்டிய ஊரில், இருபத்தைந்தைப் பேப்பரில் தொலைத்திருக்கிறோம்.

சாலையிலும் இதே கதைதான். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, படி ஏறிப் போன வீடுகளெல்லாம் படி இறங்கிப் போகிற வீடுகளாகிவிட்டன. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, என் கடையில் அந்த உத்தரவின் நகலை நூறு பேருக்காவது எடுத்துக் கொடுத்திருப்பேன். அதுவும் மட்டம் பற்றிய உத்தரவுதான்.

ஆலந்தூர்க்காரர்களின் ஐயாயிரம்

என் மனதில் இதைவிடப் பழைய உறுத்தல் ஒன்று இருக்கிறது. 2022இல் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடிக்குக் கீழே உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். வரியைக் கூட்டினால்தான் நிதிக்குழு மானியம் கிடைக்கும் என்று அரசு சொன்னது. அதை எதிர்த்து ஊரில் போன மனுக்களில் பெரும்பாலானவை நான் டைப் செய்தவை. என் சொந்த மனுவும் அதில் உண்டு. "அடிப்படை வசதியே செய்து தராத நிலையில்" என்று ஒரு வரி, எல்லா மனுவிலும் இருக்கும். அந்த வரியை நான் முழு மனதோடு நம்பித்தான் எழுதினேன். சாக்கடை விஷயத்துக்குப் பிறகு, அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது.

ஆலந்தூர் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளின் இறுதியில், அது சென்னைக்குப் பக்கத்தில் தனி நகராட்சி. ஆர்.எஸ். பாரதி நகர்மன்றத் தலைவர். பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம். அரசு கொடுக்கட்டும் என்று காத்திருக்காமல், வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடமே முன்பணம் கேட்டார்கள். குழி தோண்டுவதற்கு முன்னால். 5,000 ரூபாய் அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை. மக்கள் கட்டினார்கள், கோடிக்கணக்கில் சேர்ந்தது. மீதியில் பெரும்பகுதி, நகர்ப்புறங்களுக்குக் கடன் கொடுக்கிற அரசு நிதி நிறுவனங்களிடம் வாங்கிய கடன். அதைத் திருப்பிக் கட்ட வீட்டுக்கு மாதம் 150 ரூபாய்க் கட்டணம். குழாய் பதித்து, சுத்திகரிப்பு நிலையமும் கட்டினார்கள். 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்தக் குழாய்கள் மண்ணுக்குள் இருக்கின்றன.

இதை முன்பெல்லாம் கேள்விப்படும்போது, "வரியும் கட்டிவிட்டு டெபாசிட்டும் கட்டணுமா, இது என்ன நியாயம்?" என்றுதான் எனக்குத் தோன்றும். இப்போது வேறு ஒன்று தெரிகிறது. கடன் கொடுப்பவர் முழுத் திட்டத்தையும் பார்க்காமல் கொடுக்க மாட்டார். தலைப்பிலிருந்து கடைசி வரை ஓடுமா, எத்தனை வீடு இணைப்பு எடுக்கும், மாதம் எவ்வளவு வரும் என்று கேட்பார். பாதிச் சாக்கடைக்கு யாரும் கடன் தர மாட்டார்கள், ஏனென்றால் பாதிச் சாக்கடையிலிருந்து வருமானம் வராது. மானியத்துக்கு அந்தக் கேள்வி இல்லை. பயன்பாட்டுச் சான்றும் புகைப்படமும் போதும். அப்புறம் டெபாசிட் ரசீதைப் பீரோவில் வைத்திருக்கிறவர் குழியை எட்டிப் பார்க்காமல் இருப்பாரா? அப்பா வரப்பில் உட்கார்ந்து பார்த்தது மாதிரிப் பார்ப்பார்.

எங்களைப் போன்ற சின்ன ஊர் தனியாகக் கடன் வாங்க முடியாது என்பது நிஜம். அதற்கும் ஒரு வழி தமிழ்நாட்டிலேயே செய்து காட்டப்பட்டிருக்கிறது. 2002இல் 13 நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்து 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டன, குடிநீருக்கும் கழிவுநீருக்கும். சேர்ந்தால் சின்ன ஊரும் சந்தைக்குப் போகலாம். அது ஏன் ஊருக்கு ஊர் நடக்கும் வழக்கமாகவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மூன்றில் ஒரு பங்கு

பொறியாளர் திருத்த எஸ்டிமேட் போட்டார். முதல் பாதியில் தாழ்ந்திருக்கும் அடித்தளத்தைக் கான்கிரீட் போட்டு உயர்த்த வேண்டும், இரண்டாம் பாதியில் மேடாக இருக்கும் பகுதியை உடைத்து இறக்க வேண்டும், தலையிலிருந்து வால் வரை நடுவில் ஓடை. ஆறு லட்சம். பேரூராட்சியில் பொதுநிதி இல்லை. கட்டி இரண்டு வருடம்கூட ஆகாத வேலைக்கு எந்தத் திட்டத்திலும் மறுபடி பணம் கேட்க முடியாது. நமக்கு நாமே திட்டம் ஒன்றுதான் வழி. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். இரண்டு லட்சம். எங்கள் தெருவில் 43 வீடு.

கோவில் வாசலில் கூடிப் பேசினோம். முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான்: "அவங்க தப்புக்கு நாம ஏன் காசு கட்டணும்?" மூன்று வருடம் முன்னால் நானே கேட்டிருப்பேன். அதற்கு என்னிடம் பதில் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. நியாயமாகப் பார்த்தால் கட்டக் கூடாதுதான். நான் பதில் சொல்லவில்லை. டியூபையும் பென்சில் கோடுகளையும் காட்டினேன். சுவர்களில் அந்தக் கோடுகள் அழியாமல் இருந்தன. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று அளந்து பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பேச்சு மாறியது. எதிர்வீட்டுப் பெரியம்மா ஐந்நூறு ரூபாய் கொடுத்தார், முதியோர் உதவித்தொகையிலிருந்து. வெளிநாட்டில் மகன் இருக்கிற வீட்டில் பத்தாயிரம் கொடுத்தார்கள். நான்கு மாதம் பிடித்தது. டிமாண்ட் டிராப்ட் எடுத்துக்கொண்டு போய் செயல் அலுவலரிடம் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை எழுத்தில் கேட்டோம்: சிலாப் மூடுவதற்கு முன்னால் கோவில் பக்கம் ஒரு டேங்கர் தண்ணீரை ஊற்ற வேண்டும், அது சிறுபாலம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பில்.

வேலை நடந்த நாட்களில் குழி ஓரத்தில் எப்போதும் யாராவது நின்றார்கள். சென்ட்ரிங் பலகை வைத்த உடனே டியூபோடு ஒரு ஆள் வந்துவிடுவார். ஒப்பந்ததாரருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அவரே "வாங்க, பார்த்துக்குங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார். டேங்கர் வந்த அன்று சாயங்காலம் தெருவே வாசலில் நின்றது. தண்ணீரை விட்டதும், ஓடையில் ஒரு வாழைச்சருகைப் போட்டோம். அது தட்டித் தட்டி, நடுத்தெருவில் முன்பு மேடாக இருந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, திரும்பிக்கொண்டு, போனது. பையன்கள் கூடவே ஓடினார்கள். ஆறேமுக்கால் நிமிடத்தில் சிறுபாலத்துக்கு அடியில் விழுந்தது.

சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு. நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு அம்மா, வயல் வேலை முடித்து வந்தவர், தலைச்சும்மாட்டை அவிழ்க்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் இனிமே எங்க பக்கம்தான வரும்?" என்று கேட்டார். சண்டையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஆமாம், அங்கேதான் வரும். சிறுபாலத்திலிருந்து வடிவாய்க்கால் கீழத்தெருவை ஒட்டித்தான் போகிறது. இத்தனை நாள் எங்கள் தொட்டியில் நின்ற தண்ணீர், இனி மழை பெய்த அரை மணி நேரத்தில் அவர்கள் வாசலில் இருக்கும். ஒவ்வொரு வருடமும் மேட்டூர் திறந்ததும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று பேசுகிற ஊர் எங்களுடையது. வடிகாலில் கடைமடை என்றால் எல்லாத் தண்ணீரும் வந்து சேர்கிற இடம். அதை நான் ஆறேமுக்கால் நிமிடம் வாழைச்சருகைப் பார்த்தபோதுகூட நினைக்கவில்லை. இரண்டு தாளைச் சேர்த்து வைத்து நூறைக் கண்டுபிடித்த நான், சிறுபாலத்தோடு என் தெரு முடிகிறது என்று அளவை நிறுத்திக்கொண்டேன். மூன்று வருடம் கழித்து வந்த அந்தப் பொறியாளர் செய்ததும் அதுதானே.

கீழத்தெருவில் அறுபது வீடு. விவசாயக் கூலிகள். வடிவாய்க்காலைத் தூர்வாரிக் கரை கட்ட அவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு கேட்பது அக்கிரமம். காசு இருக்கிற தெரு கட்டினால் காசு இருக்கிற தெருவுக்கே அரசுப் பணமும் போகிறது என்பது இந்தத் திட்டத்தில் எனக்குள்ள மனத்தாங்கல். பங்களிப்பு வேண்டாம் என்று நான் இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரை அனுப்புகிற தெருதான் அதற்குக் கட்ட வேண்டும். இதை எங்கள் தெருக் கூட்டத்தில் சொன்னேன். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். இதுவரை முப்பத்தோராயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது, அதில் ஐந்நூறு மறுபடி பெரியம்மாவுடையது.

இதோடு இன்னொரு மனுவும் டைப் செய்து பேரூராட்சி மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறேன். ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் கீழே, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் ஸ்டேஷனிலும் இருக்கிறது, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தினமும் பார்த்த எண். அந்த மட்டத்தை அங்கிருந்து எடுத்துவந்து பேரூராட்சி அலுவலகப் படியில், ஒவ்வொரு தெருமுனையில், கீழத்தெருப் பம்பு செட் மேடையிலும் கல்லில் வெட்டி வைக்க வேண்டும், இனி எந்த நிதியில் எந்த எஸ்டிமேட் போட்டாலும் அந்தக் கல்லிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பொறியாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை லெவல் கருவியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டாஃப் என்கிற நீண்ட அளவுகோலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். கீழத்தெரு அம்மா தன் மகனை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.